மூடப்பட்ட பெட்ரோல் நிலையத்து நிலம்: மண் மாதிரியை எங்கே, எவ்வளவு ஆழத்தில் எடுக்க வேண்டும்?

தோட்டத்துச் செயலாளர்

அனைவருக்கும் வணக்கம். பெரியவர்கள் இன்றும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் பெஸ்தாரி ஜெயாவிலிருந்து (சிலாங்கூர், மலேசியா) எழுதுகிறேன். எங்கள் வட்டாரத்துத் தமிழ்ப் பாலர் பள்ளியை இடம் மாற்ற வேண்டியிருக்கிறது. அதற்கு ஒரு நிலம் கிடைக்கும் வாய்ப்பும் வந்திருக்கிறது. பிரதான சாலையை ஒட்டியும் பழைய தோட்டத்து லயங்களிலிருந்து நடந்து வரும் தூரத்திலும் இருப்பதால் பெற்றோருக்கு வசதியான இடம் அது. உரிமையாளரும் நியாயமான வாடகைக்கு நீண்ட காலக் குத்தகையாகத் தர முன்வந்துள்ளார். ஆனால் அந்த இடத்தில் முன்பு பெட்ரோல் நிலையம் இருந்தது. பம்புகளும் கூரையும் அகற்றப்பட்டு, சிமெண்டுத் தரை மட்டும் அங்கங்கே உடைந்து கிடக்கிறது. நிலத்தடித் தொட்டிகளைத் தோண்டி எடுத்தார்களா, உள்ளேயே விட்டு மூடினார்களா என்பதை உறுதியாகச் சொல்லும் ஆள் எங்களிடம் இல்லை.

உரிமையாளர் எங்களுக்கு ஒரு மண் ஆய்வறிக்கையைக் கொடுத்துள்ளார். அதன்படி, நிலத்தின் நான்கு மூலைகளிலும் நடுவிலும் சங்குலால் (மண்வெட்டியால்) அரை அடி ஆழத்திற்கு வெட்டி, ஐந்து இடத்து மண்ணையும் ஒரு வாளியில் கலந்து, அதிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பை மண்ணை ஆய்வகத்திற்கு அனுப்பியிருக்கிறார்கள். பெட்ரோலில் உள்ள நச்சுப்பொருளான பென்சீன் முதலானவற்றுக்கு நேராகக் ‘கண்டறியப்படவில்லை’ என்று முடிவு வந்திருக்கிறது. எங்கள் குழுவில் பாதிப் பேர் இதுவே போதும் என்கிறார்கள்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. நிலத்தின் பின்புறம் குடியிருக்கும் ஒரு குடும்பத்தின் பழைய கிணற்றில், மழை விட்ட பிறகு மண்ணெண்ணெய் வாடை வருகிறது. நீரின்மேல் பல நிறங்களில் மின்னும் ஒரு படலமும் தெரிகிறது. அந்தக் கிணற்று நீரை அவர்கள் துணி துவைக்கவும், குழாயில் தண்ணீர் வராத நாள்களில் சமையலுக்கும் பயன்படுத்துகிறார்கள். அதோடு, ஐந்து வயதுப் பிள்ளைகள் மண்ணில் விளையாடிய கையை வாயில் வைக்காமல் இருக்க மாட்டார்கள்.

நிலத்தின் முன்பகுதி, பழைய ஈயக்குட்டைப் (வெள்ளீயச் சுரங்கக் குட்டை) பக்கத்திலிருந்து கொண்டுவந்து கொட்டிய மணல். பின்பகுதி கறுப்பான காம்புட் மண், அதாவது சதுப்பு நிலத்துக் கரி மண். அது செம்பனைத் தோட்டத்தின் வாய்க்காலை நோக்கித் தாழ்ந்து செல்கிறது. இந்த நிலத்தில் மாதிரியை எங்கே, எவ்வளவு ஆழத்தில் எடுப்பது? எப்படிப் பாதுகாப்பது? எந்தெந்தச் சோதனைகளைக் கேட்பது? துறையில் உள்ளவர்கள் விளக்கினால் குழுவின் முன் வைக்க எனக்கு உதவியாக இருக்கும்.

துளைமண்

சகோதரி, அந்த அறிக்கையை நம்பி நிலத்தை ஏற்காதீர்கள். நிலம் நிச்சயம் கெட்டிருக்கிறது என்று நான் சொல்லவில்லை. எண்ணெய் இருக்கக்கூடிய இடத்தில் அந்த அறிக்கை தேடவே இல்லை என்று சொல்கிறேன். நிலத்தில் துளையிட்டு மண் எடுப்பதே என் வேலை என்பதால், ஒவ்வொன்றையும் காரணத்தோடு சொல்கிறேன்.

பெட்ரோல் நிலையத்தில் கசிவு பெரும்பாலும் தரைக்கு மேலே நடப்பதில்லை. நிலத்தடித் தொட்டியின் மேல்பக்கமே ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழத்தில் இருக்கும். தொட்டியின் விட்டம் இரண்டு மீட்டருக்கு மேல் என்பதால் அதன் அடி மூன்று முதல் நான்கு மீட்டர் ஆழத்தில் இருக்கும். தொட்டியின் அடித்தகடு, தொட்டியிலிருந்து பம்புக்குச் செல்லும் குழாயின் இணைப்புகள், பம்பின் நேர் கீழ்ப்பகுதி, லாரியிலிருந்து எண்ணெய் இறக்கும் வாய், கழிவுநீர் போகும் வழியில் உள்ள எண்ணெய் பிரிப்புத் தொட்டி ஆகியவைதான் எண்ணெய் மண்ணுக்குள் போகும் வழிகள். மூலைகளில் வெட்டிய அரை அடிக் குழிகள் இவற்றில் எதையும் தொடவில்லை. மேலும், பெட்ரோலின் இலகுவான பகுதி நம் வெயிலிலும் மழையிலும் மேல்மண்ணில் தங்குவதில்லை. காலப்போக்கில் அது ஆவியாகிப் போயிருக்கும் அல்லது கீழே இறங்கியிருக்கும். நிலையத்தை உடைத்தபோது மேலே புது மண் கொட்டிச் சமப்படுத்தியிருந்தால், அவர்கள் சோதித்தது எங்கிருந்தோ வந்த மண்ணாகவே இருக்கும்.

ஐந்து இடத்து மண்ணைக் கலந்ததுதான் இதில் பெரிய கேடு. ஓர் இடத்தில் ஒரு கிலோ மண்ணுக்கு 4 மில்லிகிராம் பென்சீன் இருந்து, மற்ற நான்கிலும் எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கலந்ததும் அது 0.8 மில்லிகிராம் ஆகிவிடும். குடியிருப்பு மண்ணுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வைத்திருக்கும் முதற்கட்டச் சல்லடை அளவு (அதைத் தாண்டினால் மேலும் ஆராய வேண்டும் என்ற எல்லை) ஏறத்தாழ 1.2 மில்லிகிராம். ஆகவே கெட்டுப்போன ஓர் இடம் காகிதத்தில் நல்ல இடமாகிவிடுகிறது. இது கணக்கில் மட்டும் நேரும் இழப்பு. வாளியில் போட்டுக் கிளறும்போது பென்சீனே காற்றில் பறந்துவிடும் என்பதையும் சேர்த்தால் அந்த 0.8கூட மிஞ்சாது. ஆவியாகும் பொருளைத் தேடும்போது மண்ணைக் கலக்கவே கூடாது. ஒவ்வொரு இடமும் ஒவ்வொரு ஆழமும் தனி மாதிரி.

ஆழத்திற்கு வருவோம். இத்தனை அடி என்று ஓர் எண்ணைப் பிடித்துக்கொள்ள வேண்டாம், நீர்மட்டத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் நீரைவிட இலேசானது. மண்ணுக்குள் இறங்கி நீர்மட்டத்தைத் தொட்டதும் அது அதன்மேல் படர்கிறது. மழையில் நீர்மட்டம் ஏறும்போது எண்ணெயும் ஏறும், வறட்சியில் இறங்கும்போது இறங்கும். இப்படி ஏறி இறங்கிய உயரம் முழுவதும் மண்ணில் எண்ணெய்ப் பூச்சு தங்கிவிடும். அந்தப் பட்டையில்தான் மாசு அதிகமாக இருக்கும். காம்புட் மண்ணில் செம்பனை வளர்க்கும் தோட்டங்கள் வாய்க்கால் மடைகளைக் கொண்டு நீர்மட்டத்தைத் தரையிலிருந்து அரை மீட்டர் அளவில் வைத்திருக்க முயலும். எனவே உங்கள் நிலத்தின் பின்பகுதியில் அந்தப் பட்டை அதிக ஆழத்தில் இருக்காது. மணல் கொட்டி உயர்த்திய முன்பகுதியில் அது கீழே இருக்கும். தொட்டிக்குழியின் அடியோ இரண்டு இடத்திலும் நீருக்குள் இருக்க வாய்ப்புண்டு.

ஆகவே நான் செய்வது இதுதான். தொட்டிக்குழியின் நான்கு பக்கமும், ஒவ்வொரு பம்பு மேடையின் கீழும், குழாய் சென்ற வழியிலும், எண்ணெய் இறக்கும் வாயருகிலும், பிரிப்புத் தொட்டியருகிலும், கிணற்றுப் பக்கத்து எல்லையிலும் துளையிடுவேன். ஒவ்வொரு துளையிலும் அரை மீட்டருக்கு ஒருமுறை கொஞ்சம் மண்ணைச் சிறு பையில் பாதியளவு போட்டு மூடி, உதிர்த்து, நிழலில் பத்து நிமிடங்களுக்கு மேல் வைத்து, பையின் வாய்வழியாகப் பி.ஐ.டி. கருவியின் (புற ஊதா விளக்கின் ஒளியால் ஆவியை அளக்கும் கைக்கருவி) முனையைச் செருகி ஆவியை அளப்பேன். அளவு மிக அதிகமாகக் காட்டிய ஆழத்தில் ஒன்று, நீர்மட்டத்தைத் தொடும் இடத்தில் ஒன்று, அதற்குக் கீழே சுத்தமாகத் தெரியும் இடத்தில் ஒன்று என ஆய்வகத்திற்குப் போகும் மாதிரிகளைத் தேர்ந்தெடுப்பேன். கடைசியானதை வீண் செலவு என்று பலர் விட்டுவிடுவார்கள். மாசு எந்த ஆழத்தில் நின்றுவிட்டது என்பதை அது ஒன்றுதான் சொல்லும். மண்ணை அகற்ற வேண்டி வந்தால் எத்தனை லாரி மண் என்ற கணக்கும் அதிலிருந்துதான் பிறக்கிறது.

காம்புட் மண்ணில் கையால் சுழற்றும் துளைக்கருவி எளிதாக இறங்கும். மணலில் நீர்மட்டத்திற்குக் கீழே போனால் துளை சரிந்து மேல்மண்ணும் கீழ்மண்ணும் கலந்துவிடும். அங்கே பிளாஸ்டிக் உறையோடு குழாயை இடித்து இறக்கும் இயந்திரம் வேண்டும். எதுவானாலும், மின்கம்பியும் குழாயும் செல்லும் வழியைச் சரிபார்த்து, முதல் ஒன்றரை மீட்டரைக் கையால் தோண்டிய பிறகே இயந்திரத்தை வைக்க வேண்டும்.

பழைய பம்பு

துளைமண் தம்பி சொன்னதெல்லாம் சரி. ஆனால் தொட்டி எங்கே இருந்தது என்று தெரியாமல் எங்கே துளையிடுவது? பெட்ரோல் நிலையங்களில் தொட்டி இறக்கும் குத்தகை வேலையில் பல்லாண்டு இருந்தவன் என்ற முறையில் அதைப்பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், மகளே.

முதலில் நிலத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். எல்லைச் சுவரோரம் மேல்நோக்கி நிற்கும் மெல்லிய இரும்புக் குழாய்கள் இருக்கின்றனவா? அவை தொட்டிக்குள் சேரும் ஆவியை வெளியேற்றுபவை. குழாயை அறுத்திருந்தாலும் சுவரில் பட்டை அடித்த தடமும் தரையில் அறுத்த முனையும் தெரியும். பொதுவாகத் தொட்டிக்கு ஒரு குழாய் என்பதால் எத்தனை தொட்டிகள் என்பதற்கு அது ஒரு குறிப்பு. சிமெண்டுத் தரையில் வட்டமான அல்லது சதுரமான இரும்பு மூடியின் விளிம்போ, மற்ற இடத்தைவிட வேறு நிறத்தில் ஒட்டுப்போட்ட சதுரமோ தெரிந்தால் அதைப் படமெடுத்து வையுங்கள்.

அடுத்து, ஊராட்சி மன்றத்திலும் பொம்பா (தீயணைப்புத் துறை) அலுவலகத்திலும் பழைய கட்டட வரைபடத்தைக் கேளுங்கள். நில உரிமையாளரின் கடிதத்தோடு போனால் வேலை எளிதாகும். ஒரு விஷயத்தைக் கவனமாகப் பாருங்கள்: நீண்ட காலம் நடந்த நிலையங்களில் இரண்டு தலைமுறைத் தொட்டிகள் இருக்கும். பழைய இரும்புத் தொட்டி ஒற்றைத் தகடுதான். அது துருப்பிடித்ததும் வேறு பக்கத்தில் புதியதைப் பதித்துவிட்டுப் பழையதை மணலோ சிமெண்டுக் கலவையோ நிரப்பி அங்கேயே விட்டிருப்பார்கள். கடைசி வரைபடத்தில் புதியது மட்டும் இருக்கும். கசிந்தது பழையதாக இருக்கும்.

கிணற்றில் மண்ணெண்ணெய் வாடை என்று எழுதியிருப்பதுதான் என்னை யோசிக்க வைக்கிறது. தோட்டத்து லயங்களில் மண்ணெண்ணெய் அடுப்பும் விளக்கும் இருந்த காலத்தில் இப்படிப்பட்ட நிலையங்களில் மண்ணெண்ணெய்க்கென்று தனித் தொட்டி இருந்தது. பின்கட்டில், கடை ஓரத்தில், சின்னதாக இருக்கும். எண்ணெய் மாற்றும் பட்டறையும், காரைத் தூக்கும் இயந்திரத்தின் குழியும், கழிவு எண்ணெயை ஊற்றி வைத்த குழியும் இருந்திருந்தால் அவற்றையும் வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நிலையத்தில் பம்பு பிடித்த பெரியவர் யாராவது உங்கள் ஊரில் இன்னும் இருப்பார். அவரை நாற்காலி போட்டு அந்த இடத்திலேயே உட்காரவைத்துக் கேளுங்கள். எந்தத் தொட்டியில் அளவுகோலை விட்டால் கணக்கு எப்போதும் குறைந்தது என்பது அவருக்குத்தான் தெரியும்.

வேதிமேசை

வணக்கம் சகோதரி. ஆய்வகத்தில் இந்த மாதிரிகளைப் பெற்றுச் சோதிப்பவள் என்ற முறையில், ‘கண்டறியப்படவில்லை’ என்ற சொல்லை எப்படிப் படிக்க வேண்டும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் எந்த அளவுக்குக் கீழே கண்டறியப்படவில்லை என்ற எண் இருக்க வேண்டும். அந்த எண், நீங்கள் ஒப்பிட வேண்டிய சல்லடை அளவைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். கருவியால் 5 மில்லிகிராமுக்குக் கீழே காண முடியாத சோதனையைக் கொண்டு 1 மில்லிகிராம் இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. உங்கள் கையில் உள்ள அறிக்கையில் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஆய்வகம் சாம் எனப்படும் மலேசிய ஆய்வகத் தரச்சான்று பெற்றதா என்பதோடு நிறுத்தாமல், இந்தக் குறிப்பிட்ட சோதனைக்கும் அந்தச் சான்று உண்டா என்று கேளுங்கள். சான்று ஆய்வகத்தின் பெயருக்கு மட்டும் தரப்படுவதில்லை. சோதனை வாரியாகத் தரப்படுகிறது.

மாதிரி எடுக்கும் முறையில் என் பெரிய கவலை பிளாஸ்டிக் பை. பென்சீன் 80 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் பொருள். மூடிய காருக்குள் வைத்த பையிலிருந்து அது மளமளவென்று வெளியேறும். ஆவியாகும் பொருள்களுக்கு, துளையிலிருந்து மண் வெளியே வந்த உடனே, ஊசியில்லாத மருந்தூசிக் குழல் போன்ற சிறு உருளையால் ஏறத்தாழ 5 கிராம் மண்ணைக் குத்தி எடுத்து, முன்கூட்டியே எடைபோட்டு மெத்தனால் ஊற்றி வைத்த 40 மில்லிலிட்டர் கண்ணாடிக் குப்பியில் நேராகத் தள்ளி மூட வேண்டும். மெத்தனால் அந்தப் பொருள்களைக் கரைத்துப் பிடித்துக்கொள்ளும். பிறகு 4 டிகிரி அளவில் பனிக்கட்டியோடு வைத்தால் சோதனைக்கு 14 நாள்கள் அவகாசம் உண்டு. மெத்தனால் இல்லாமல் காற்றுப் புகாத உருளையிலேயே மூடி அனுப்பினால், 48 மணி நேரத்திற்குள் ஆய்வகம் அதைப் பிரித்துப் பதப்படுத்தியாக வேண்டும். டீசல், மண்ணெண்ணெய் போன்ற கனமான பகுதிக்கு, டெப்லான் பூசிய மூடியுள்ள கண்ணாடிச் சாடியை மண்ணால் முழுதும் நிரப்பி அனுப்பினால் போதும்.

ஒவ்வொரு பனிப்பெட்டியிலும், ஆய்வகத்திலேயே நிரப்பி மூடிய ஒரு வெற்றுக் குப்பி போய்த் திரும்ப வேண்டும். அதில் பென்சீன் தெரிந்தால் மாசு வழியில் ஒட்டியது என்று பொருள். ஜெனரேட்டருக்குப் பெட்ரோல் ஊற்றிய கையோடு குப்பியைத் தொடுவதும், எண்ணெய் நெடி அடிக்கும் மார்க்கர் பேனாவால் பெயர் எழுதுவதும் இப்படித்தான் பிடிபடும். ஒவ்வொரு மாதிரிக்கும் கையுறையை மாற்ற வேண்டும். பாஸ்பேட் இல்லாத சோப்பு நீராலும் பின்பு வடிநீராலும் துளைக்கருவியைக் கழுவ வேண்டும். இரட்டை மாதிரி சிலவும் வேண்டும். மாதிரி யார் கையிலிருந்து யார் கைக்கு எந்த நேரத்தில் போனது என்ற கையெழுத்துத் தாள் இல்லையென்றால் நாளை பிரச்சினை வரும்போது அந்த அறிக்கை நிற்காது.

இனி உங்கள் நிலத்துக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. காம்புட் மண் என்பது அரைகுறையாக மட்டும் மக்கிய தாவரப் பொருள். அதில் இயற்கையாகவே உள்ள மெழுகும் கொழுப்பும் நாங்கள் எண்ணெயைப் பிரிக்கப் பயன்படுத்தும் கரைப்பானில் கரைந்து, ‘மொத்தப் பெட்ரோலிய ஹைட்ரோகார்பன்’ என்ற எண்ணில் போய் உட்கார்ந்துவிடும். ஒரு சொட்டு டீசல் படாத சதுப்புக்காட்டு மண்ணிலும் அந்த எண் உயர்ந்து வரும். எனவே சிலிக்கா ஜெல் வழியாக வடிகட்டிய பிறகு சோதிக்கச் சொல்லுங்கள். எண்ணை மட்டும் வாங்காமல், சோதனைக் கருவி வரைந்து தரும் கோட்டுப் படத்தையும் (குரோமட்டோகிராம்) கேட்டு வாங்குங்கள். பெட்ரோல் 6 முதல் 10 கரிம அணுக்கள் வரையுள்ள இலகுப் பகுதியில் கூர்மையான கோடுகளாக நிற்கும். மண்ணெண்ணெய் அதற்கு அடுத்து 16 வரை. டீசல் 10 முதல் 28 வரை ஒரு மேடாக எழும். தாவர மெழுகு அதற்கும் அப்பால், ஒற்றைப்படை எண்கொண்ட கோடுகள் ஓங்கித் தெரியும்படி வரும். பழகிய கண்ணுக்கு வேறுபாடு தெரியும்.

இன்னொன்று: காம்புட் மண்ணில் உலர்ந்த பொருளைவிட நீரின் எடை பல மடங்கு இருக்கக்கூடும். ஈர எடையில் கணக்கிட்டால் மாசு மிகக் குறைவாகத் தெரியும். முடிவு உலர் எடைக்கு என்று அறிக்கையில் எழுதியிருக்க வேண்டும்.

கேட்க வேண்டிய சோதனைகள்: கரிம எண்ணிக்கை வாரியாகப் பிரித்த பெட்ரோலிய ஹைட்ரோகார்பன், பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன் என்ற நான்கு, பெட்ரோலில் சேர்க்கப்பட்ட எம்.டி.பி.ஈ.; நாப்தலீனும் அதன் குடும்பத்துப் பொருள்களும்; நிலையம் பழையது என்பதால் காரீயம். காரீயத்தைச் சோதிக்கும்போது நிலையத்துக்கு வெளியே, அதே வகை மண்ணுள்ள இடத்திலிருந்தும் ஒரு மாதிரி எடுங்கள். பழைய ஈயக்குட்டை மணலில் ஆர்செனிக் முதலான உலோகங்கள் தாதுவோடு வந்திருக்கலாம். அதைப் பெட்ரோல் நிலையத்தின் கணக்கில் எழுதக் கூடாது. பிள்ளைகளுக்கு ஆர்செனிக் எங்கிருந்து வந்தாலும் ஒன்றுதான் என்பதால் அந்த மணலை அதற்கும் தனியே சோதித்துவிடுங்கள்.

தோட்டத்துச் செயலாளர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பழைய பம்பு ஐயா சொன்னபடி நிலத்தைச் சுற்றிப் பார்த்தோம். பின்சுவரோரம் அறுத்த குழாய் முனைகள் மூன்று உள்ளன. அவற்றிலிருந்து தள்ளி, பழைய கடையின் பின்கட்டில் இன்னொன்றும் இருக்கிறது. அங்கே வேலை பார்த்த பெரியவர் ஒருவரையும் கண்டுபிடித்தோம். பின்கட்டில் இருந்தது மண்ணெண்ணெய்த் தொட்டி என்று அவர் உடனே சொல்லிவிட்டார். அந்த இடம் கிணற்றை நோக்கியிருக்கிறது.

மேலும் இரண்டு கேள்விகள் உள்ளன. குழு அழைத்துப் பேசிய ஒரு குத்தகையாளர், பி.ஐ.டி. கருவியால் மட்டும் அளந்து தருகிறேன், ஆய்வகச் செலவு மிச்சம் என்கிறார். அது போதுமா? கிணற்று நீரில் தெரியும் படலம் எண்ணெய்தான் என்று எப்படி உறுதிப்படுத்துவது? காம்புட் நிலத்து வாய்க்கால்களிலும் அப்படி ஒரு படலத்தைப் பார்த்த நினைவு இருக்கிறது.

துளைமண்

பி.ஐ.டி. மட்டும் போதாது. எந்த மண்ணை ஆய்வகத்திற்கு அனுப்புவது என்று தேர்ந்தெடுக்கவே அது உதவும். அது ஆவிகளை மொத்தமாக ஓர் எண்ணாகக் காட்டுமே தவிர, அதில் பென்சீன் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. டீசலும் பழைய மண்ணெண்ணெயும் மிகக் குறைவாகவே ஆவியாவதால், கையில் எண்ணெய் ஒட்டும் மண்ணுக்கும் அது சிறிய எண்ணையே காட்டக்கூடும். ஈரம் மிகுந்த காம்புட் மண்ணின் நீராவி அதன் அளவை இன்னும் குழப்பும்.

பாதுகாப்பைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காம்புட் மண் மீத்தேனை வெளிவிடும். 10.6 எலெக்ட்ரான் வோல்ட் விளக்குள்ள சாதாரண பி.ஐ.டி. மீத்தேனைக் காண்பதே இல்லை. ஆகவே துளையருகில் தீப்பற்றும் வாயுவை அளக்கும் கருவி தனியாக இருக்க வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றில் 1.4 விழுக்காடு சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். சிகரெட்டும் கைப்பேசியும் வேலி வரைதான். குழி தோண்டினால் யாரும் உள்ளே இறங்கக் கூடாது. தோண்டும் இயந்திரத்தின் வாளியில் வரும் மண்ணின் நடுப்பகுதியிலிருந்து மாதிரியை எடுத்துக்கொள்ளலாம்.

கிணற்றுப் படலத்தைப் பற்றி நல்ல கேள்வி கேட்டீர்கள். இரும்புச் சத்துள்ள சதுப்பு நீரில் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் படலமும் பல நிறத்தில் மின்னும். ஒரு குச்சியால் அதைக் கிழித்துப் பாருங்கள். நுண்ணுயிர்ப் படலம் அப்பளத்தை நொறுக்கியதுபோல் கோணல் துண்டுகளாக உடைந்து அப்படியே மிதக்கும். எண்ணெய்ப் படலம் குச்சி போன தடத்தை மூடிக்கொண்டு மீண்டும் ஒன்றாகச் சேரும். இது முதல் குறிப்புத்தான். முடிவு ஆய்வகத்தில் இருக்கிறது.

அதுவரை அந்தக் குடும்பத்தார் கிணற்று நீரைச் சமையலுக்கும் குடிக்கவும் குளிக்கவும் பயன்படுத்தாமல் நிறுத்த வேண்டும். இதை அவர்களிடம் இன்றே சொல்லுங்கள். காய்ச்சினால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். காய்ச்சும்போது பென்சீன் நீரிலிருந்து எழுந்து சமையலறைக் காற்றில் கலக்கும். வாடை இல்லாத நாளில் நீர் நல்லது என்றும் நினைக்க வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனம் குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் பென்சீன் வரைதான் ஏற்கிறது. மூக்குக்குத் தெரிய அதைப்போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வேண்டும்.

நிலத்தடி நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைத் தரையின் சரிவை வைத்து முடிவு செய்யாதீர்கள். தோட்டத்து வாய்க்கால் நீரை இழுக்கும். மடையை அடைத்தால் திசையே மாறும். ஒரே கோட்டில் இல்லாத மூன்று துளைகளில் குழாய் இறக்கி, நீர்மட்டத்தை ஒரே நாளில் அளந்தால் திசை தெரிந்துவிடும். கிணற்றின் நீர்மட்டத்தையும் அதோடு சேர்த்து அளக்கலாம்.

விதிநூல்

சட்டத்தின் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாசுபட்ட நிலத்தை மதிப்பிடுவதற்குச் சுற்றுச்சூழல் துறை 2009இல் மூன்று வழிகாட்டி நூல்களை வெளியிட்டுள்ளது: முதலாவது சல்லடை அளவுகள், இரண்டாவது ஆய்வும் அறிக்கையும், மூன்றாவது சீரமைப்பு. குடியிருப்புக்கும் தொழில் நிலத்துக்கும் தனித்தனி அளவுகள் உள்ளன. நிலம் இதுவரை வணிக நிலம் என்று சொல்லித் தொழில் நில அளவோடு ஒப்பிட்டால் ஏற்காதீர்கள். பாலர் பள்ளிக்குக் குடியிருப்பு அளவையே கேளுங்கள்.

எண்ணெய்க் கசிவைச் சுத்தம் செய்ததில் கிடைக்கும் மாசுபட்ட மண், 2005ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு ஒழுங்குமுறைகளில் எஸ்.டபிள்யூ. 408 என்ற வகையில் வருகிறது. அதை வேறு நிலத்தை நிரப்பவோ தோட்டத்துச் சாலையில் கொட்டவோ கூடாது. கழிவு உண்டான 30 நாள்களுக்குள் துறைக்கு அறிவித்து, உரிமம் பெற்றவர் வழியாகவே அகற்ற வேண்டும். இது உரிமையாளரின் பொறுப்பு என்பதைக் குத்தகை ஒப்பந்தத்தில் கையெழுத்துக்கு முன் எழுதி வாங்குங்கள். கிணற்றில் வாடை வருவதை சுற்றுச்சூழல் துறை அலுவலகத்திற்கு எழுத்து மூலம் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையையும் வாங்கி வையுங்கள்.

தோட்டத்துச் செயலாளர்

கிணற்றுக்காரக் குடும்பத்தாரிடம் பேசிவிட்டோம். அவர்கள் முன்னிலையிலேயே குச்சியால் கிழித்துப் பார்த்தோம். படலம் மீண்டும் கூடிக்கொண்டது. கிணற்றை மூடி போட்டுப் பூட்டிவிட்டார்கள். பக்கத்து வீட்டுக் குழாயிலிருந்து அவர்களுக்குத் தண்ணீர் ஏற்பாடு செய்திருக்கிறோம். புகார்க் கடிதமும் கொடுக்கப்பட்டுவிட்டது.

புதிய ஆய்வு நடந்து முடிவு வரும்வரை குத்தகையில் கையெழுத்திடுவதில்லை என்று குழு ஒருமனதாக முடிவு செய்துள்ளது. உரிமையாளர் முதலில் வருந்தினாலும், பின்கட்டுத் தொட்டியின் செய்தியைக் கேட்ட பிறகு ஆய்வுச் செலவில் பாதியை ஏற்க ஒப்புக்கொண்டார். துளையிடும் இடங்களைப் பெரியவரின் துணையோடு வரைபடத்தில் குறித்துவிட்டோம். பின்கட்டில் மூன்று, கிணற்று எல்லையில் இரண்டு கூடுதலாகச் சேர்த்தோம். கடைசியாக ஒன்று மட்டும் கேட்கிறேன்: மாதிரி எடுத்த பிறகு அத்தனை துளைகளையும் என்ன செய்வது? தோண்டிய மண்ணையே போட்டு மூடிவிடலாமா?

துளைமண்

கூடாது, சகோதரி. தளர்வாகப் போட்ட மண் வழியாக மேலே உள்ள எண்ணெயும் மழைநீரும் நேராகக் கீழே இறங்கும். நீங்கள் போட்ட துளையே புதிய கசிவு வழியாகிவிடும். பெண்டோனைட் களிமண் உருண்டைகளை அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, நீர் ஊற்றி உப்பவிட்டு, தரை மட்டம்வரை அடைக்கச் சொல்லுங்கள். மேலே ஒரு சாண் சிமெண்டு பூசினால் போதும். துளையிலிருந்து வந்த மண்ணை மூடியுள்ள பீப்பாயில் போட்டு, எந்தத் துளையின் மண் என்று எழுதி, கூரையின் கீழ் வைத்து, ஆய்வக முடிவு வந்த பிறகு அதற்கேற்ப அகற்றுங்கள்.

ஆனால் எல்லாத் துளைகளையும் அடைத்துவிட வேண்டாம். கிணற்று எல்லையில் உள்ள இரண்டையும், தொட்டிக்குழிக்கு நிலத்தடி நீர் வரும் பக்கத்தில் ஒன்றையும் துளையிட்ட பி.வி.சி. குழாய் இறக்கி, பூட்டுள்ள மூடியோடு கண்காணிப்புக் கிணறுகளாக வைத்துக்கொள்ளுங்கள். குழாயின் சல்லடைப் பகுதி, நீர்மட்டம் ஏறும் உயரத்துக்கும் இறங்கும் ஆழத்துக்கும் நடுவே முழுவதும் இருக்கும்படி அமைய வேண்டும். கீழே வைத்துவிட்டால் மேலே மிதக்கும் எண்ணெய் குழாய்க்குள் வராது. மழை மிகுந்த நவம்பரில் ஒருமுறையும், வறண்ட மாதத்தில் ஒருமுறையும் அவற்றிலிருந்து நீர் எடுத்துச் சோதியுங்கள்.